பிடித்த பிடி எது?

முள்ளியவளையிலிருந்து ஒரு தாயார் எமக்குக் கடிதம் வரைந்திருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள், அதனை மதிக்கின்றோம். கடிதம் நீண்டது. சாரம் இதுதான்: அவருடைய பதினைந்து வயது மகள் பாடசாலையில் மல்யுத்தம் பழகுகிறாள். வலைப்பந்தாட்டம் என்றால் சரி, ஓட்டம் என்றாலும் சரி. பெண்பிள்ளை ஒருத்தி இன்னொருத்தியைக் கட்டிப்பிடித்து உருட்டுவதும் ஒரு விளையாட்டா என்று கேட்கிறார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், "நாளைக்கு இவளை யார் வந்து கேட்பார்கள்?" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதனினும் பெரிய அச்சம், பிள்ளை எலும்பை முறித்துக்கொண்டு வந்து நிற்பாளோ என்பது. "எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கை குறைவு. இன்னொரு கை போவதைப் பார்க்க என்னால் இயலாது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அக்கடைசி வாக்கியத்தை இருமுறை வாசித்தோம். மேசையில் இருந்தபடியே, "அஞ்சற்க அம்மையாரே, தேகாப்பியாசம் நன்றே" என்று நாலு வரி எழுதிவிட்டிருக்கலாம். இத்தகைய கடிதங்களுக்கு நாம் அவ்வாறு விடையிறுத்ததும் உண்டு, இல்லையென்றால் பொய்யாகும். ஆயினும் ஒரு கை குறைந்த வீட்டுக்கு நாலு வரி போதாது என்று தோன்றவே, சென்ற வாரம் பயணப்பட்டோம்.

மாங்குளத்தில் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டானைக் கடந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதி காடும் வயலுமாக நீள்கிறது. எமது இளமையில் வன்னி வயல்களில் சூடு மிதித்து முடிந்ததும் குவிந்து கிடக்கும் வைக்கோலே எமக்கு மல்லரங்கம். யார் யாரைப் புரட்டினார் என்பதற்கு விதியும் இல்லை, நடுவரும் இல்லை, அழுதவன் தோற்றவன். இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அந்த வைக்கோற் குவியலும் அருகிவிட்டது. மல்லரங்கம் பாடசாலை மண்டபத்துக்குள் குடிபுகுந்திருக்கிறது. பாடசாலையின் பெயரையும் நாம் எழுதப் போவதில்லை. எழுதினால் அம்மையாரின் பெயரை எழுதியதற்கு ஒப்பாகும்.

மண்டபத்தில் தடித்த மெத்தை விரிப்பு. அதன் மேல் இருபது பிள்ளைகள். ஒரு புறம் ஆண்பிள்ளைகள், மறு புறம் பெண்பிள்ளைகள். பயிற்றுவிப்பாளர் நடுத்தர வயதினர். கொழும்பிலே மல்யுத்தமும் ஜூடோவும் கற்றவர். அதிகம் பேசாதவர். நாம் வந்த காரியத்தை அவரிடம் கூறாமல், பத்திரிகைக்காரன் கேட்கும் கேள்வியாக ஒன்றைப் பிள்ளைகளிடம் கேட்டோம்: "உங்களுக்குப் பிடித்த பிடி எது?"

முதலில் சிரிப்பு. பிறகு ஒருவன் முன்வந்தான். கமக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனுக்குப் பிடித்தது, எதிராளியின் இரு கால்களையும் ஒருசேர அள்ளி வீழ்த்தும் பிடி. "நெல்மூட்டை தூக்குகிற மாதிரித்தான், சேர். நின்றபடி குனிந்து தூக்கினால் எங்கட முதுகுதான் போகும். முழங்காலை மடிச்சு மூட்டைக்குக் கீழே போக வேணும்" என்றான். இதைவிடத் தெளிவாக எந்நூலும் கூறப்போவதில்லை. தன் இடுப்பை எதிராளியின் இடுப்பினும் தாழக் கொண்டுபோனவனே அவனைத் தூக்க வல்லவன். உயரமும் பருமனும் அப்போது பாரமாகிவிடுகின்றன.

இன்னொருவன் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி நெரிக்கும் பிடியைச் சொன்னான். தொலைக்காட்சியிலே பார்த்ததாம். பயிற்றுவிப்பாளர் அவனைப் பார்த்து, "அது பிடியில்லை, கோபம்" என்றார். தாரா சிங், கிங் கொங் என்ற பெயர்களை மூத்த வாசகர்கள் மறந்திரார். அக்காலத்தும் இக்காலத்தும் மேடை மல்லரின் ஆர்ப்பாட்டம் பார்ப்பதற்குச் சுவையானதே. ஆனால் பிள்ளைகள் அதனைப் பார்த்து அயல் வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் பரீட்சிக்கத் தொடங்கினால் பெற்றோர் வாளாவிருத்தல் ஆகாது. ஒலிம்பிக் முறை மல்யுத்தத்தில் கழுத்தை நெரிப்பதும் மூட்டை எதிர்ப்புறமாக வளைப்பதும் குற்றம். எதிராளியின் இரு தோள்களையும் தரையில் படிய வைத்தால் வெற்றி. இல்லையேல் வீழ்த்தியதற்கும் புரட்டியதற்கும் புள்ளிகள்.

ஒரு சிறுமி, தனக்குப் பிடித்தது கால் பின்னல் என்றாள். எதிராளி குப்புற விழுந்ததும் அவளுடைய இரு கணுக்கால்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து, கையால் இறுக அணைத்து, தன்னுடலை உருட்டினால் எதிராளியும் சேர்ந்து உருள வேண்டியதுதான், வேறு வழியில்லை. முதுகு ஒவ்வொரு முறை தரையை நோக்கும்போதும் இரு புள்ளிகள். பத்துப் புள்ளி முன்னணி கிடைத்தால் போட்டியே முடிந்துவிடும். "இரட்டைப் பின்னல் பின்னுகிற கைதானே" என்று அவள் தன் தலைமயிரைத் தொட்டுக் காட்டினாள்.

கடிதம் எழுதிய தாயாரின் மகளை நாம் ஊகித்துக்கொண்டோம். ஒதுங்கி நின்றவள் அவள். தன் முறை வந்தபோது, "கைப்பூட்டு" என்றாள். அது மல்யுத்தப் பிடியன்று, ஜூடோவில் உள்ளது. வயது வந்த மாணவருக்கு மட்டும், போட்டிக்காக அன்றிப் புரிந்துகொள்வதற்காகவே கற்பிப்பதாகப் பயிற்றுவிப்பாளர் விளக்கினார். ஏன் அது பிடிக்கும் என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "பிடிக்கிறதைவிட விடுகிறதுதான் அதில் கஷ்டம், சேர்" என்றாள்.

இவ்விடை எமக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதுபோல் எழுதுவது எமது வழக்கமன்று. ஆகவே அறுபதைத் தாண்டிய எமது தேகத்தையே பரிசோதனைப் பொருளாக்கி மெத்தையில் மல்லாந்தோம். பயிற்றுவிப்பாளர் எமது வலக்கையைத் தம் இரு தொடைகளுக்கிடையில் வைத்து, மணிக்கட்டைத் தம் மார்போடு அணைத்தார். எமது பெருவிரல் மேனோக்கி இருந்தது. அவருடைய கால் ஒன்று எமது மார்பின் குறுக்கே, மற்றது முகத்தின் குறுக்கே. பிறகு அவர் தமது இடுப்பை ஓரங்குலம் உயர்த்தினார், அவ்வளவே. முழங்கை என்பது ஒரு பக்கம் மட்டும் மடங்கும் கதவுப் பிணைச்சல். அதனை மறுபக்கம் மடக்க முனைந்தால் என்னாகும் என்பதை எமது கை எமது மூளைக்கு முன்னரே அறிந்துகொண்டது. மறு கையால் மெத்தையை மும்முறை தட்டினோம். பிள்ளைகள் சிரித்தார்கள். பயிற்றுவிப்பாளர் சிரிக்கவில்லை. "நல்ல நேரத்தில் தட்டினீர்கள்" என்றார். பிடி தளர்ந்தபோது கவனித்தோம்: அவர் சட்டென விட்டுவிடவில்லை. முதலில் இடுப்பைத் தாழ்த்தி, பிறகே தொடைகளைத் தளர்த்தி, எமது கையைத் தம் கையால் தாங்கி மடித்து, எமது மார்பின் மேல் வைத்தார். நன்றாகப் பூட்டிய கையை உதறிவிட்டால் அதுவும் ஊறு செய்யுமாம். சிறுமி சொன்னது இதுவே.

இப்பிடியின் சூக்குமம் வலிமையில் இல்லை. நெம்புகோலின் கணக்கு இது. ஒருவனுடைய ஒற்றை முழங்கைக்கு எதிராக மற்றவனுடைய தொடை, இடுப்பு, முதுகு யாவும் ஒன்றுசேர்கின்றன. ஐம்பது கிலோ உள்ளவள் எண்பது கிலோ உள்ளவனைத் தட்ட வைப்பது இதனாற்றான். ஆனால் மூட்டு நோகத் தொடங்கும் இடத்துக்கும் அது முறியும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம் மிகச் சிறிது. அச்சிறு தூரத்திலே நிறுத்தத் தெரிந்தவனே அப்பிடியைக் கற்றவன். பின்புறமிருந்து கையால் கழுத்தைச் சுற்றும் பிடியும் அத்தகையதே. செவ்வையாக இட்டால் அது மூச்சுக்குழலை நெரிப்பதில்லை. கழுத்தின் இருபுறத்தும் மூளைக்குக் குருதி கொண்டேகும் நாடிகளை அழுத்துகிறது. சில விநாடிகளில் நினைவு தப்பும். உடனே விட்டால் திரும்பும். விடாவிட்டால் என்னாகும் என்று எழுத வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்கு அதனைத் தாம் காட்டுவதே இல்லை என்று பயிற்றுவிப்பாளர் சொன்னதை அம்மையார் கவனிப்பாராக.

1882 ஆம் ஆண்டில் ரோக்கியோ நகரத்துக் கோவில் ஒன்றிலே ஜிகோரோ கானோ என்னும் இளைஞர் ஒரு சிறு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அதுவே கொடோகான். அவர் மல்லர் மட்டுமல்லர், கல்விமானும் ஆவார். பழைய ஜப்பானியப் போர்ப்பிடிகளுள் ஊறு விளைப்பனவற்றை ஒழுங்குமுறையான மெல்லிய பயிற்சிக்கு ஒதுக்கி, ஏனையவற்றை முழுப் பலத்தோடும் பழகலாம் என வகுத்தார். அதற்கு ஆதாரமாக நின்றது ஒரு சிறு செய்கை: தோற்பவர் தட்டுவார், அல்லது "மைத்தா" என்பார், வெல்பவர் அக்கணமே விடுவார். இந்த உடன்பாடு இருபுறமும் உறுதியாக இருப்பதனாலேயே இருவரும் அஞ்சாது முழு மூச்சோடு மோதலாம். 1964 இல் ரோக்கியோ ஒலிம்பிக்கிலே ஜூடோ அரங்கேறியது. 

இது ஜப்பானியரின் தனிச்சொத்து என்று எண்ணவேண்டியதில்லை. தமிழரின் பிடிவரிசையிலும், தென்பாண்டிக் கரையில் வர்ம ஆசான்மார் பயிற்றிய அடிமுறையிலும் 'பூட்டு' என்றொரு பாடமும் 'பிரிவு' என்றொரு பாடமும் உண்டு. பூட்டைக் கற்பித்த ஆசான் அதன் பிரிவையும் சேர்த்தே கற்பிப்பார். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பாடம்.

தட்ட மறுத்தவரும் உளர். 1951 ஒக்டோபர் 23 ஆம் திகதி பிரேசில் நாட்டு ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் மசாஹிகோ கிமுரா என்னும் ஜப்பானிய வல்லவரும் ஹீலியோ கிரேசி என்னும் பிரேசிலியரும் மோதினர். கிமுரா பருமனில் மிக்கவர். எதிராளியின் மணிக்கட்டைப் பற்றி, அவருடைய கையை முதுகுப்புறமாகத் திருகினார். ஹீலியோ தட்டவில்லை. கை மேலும் திருகப்பட்டது, அப்போதும் தட்டவில்லை. ஈற்றில் அவருடைய தரப்பினரே போட்டியை நிறுத்தினர். தோற்றவர்கள் அப்பிடிக்கு வென்றவரின் பெயரையே சூட்டினார்கள். இன்றும் உலகெங்கும் அது 'கிமுரா' என்றே வழங்குகிறது. அச்செயலின் பெருந்தன்மையை நாம் போற்றுகின்றோம். ஹீலியோவின் பிடிவாதத்தைப் பலர் வீரம் என்பர். எமக்கு அவ்வளவு உடன்பாடில்லை. தன் கையைத் தான் காப்பாற்றாமல், காப்பாற்றும் வேலையை அண்ணன் தம்பிமாரிடம் விடுவது என்ன வீரம்? இவ்விஷயத்தில் வாசகர் எம்மோடு பிணங்கலாம்; எமது தபாற்பெட்டி பெரியது.

மண்டபத்தின் சன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு. அதன் கீழ்ச் சைக்கிள் ஒன்றைச் சாத்தி வைத்துவிட்டு ஒருவர் குந்தியிருந்தார். பயிற்சி தொடங்கு முன்னரே வந்தவர். கண்ணெடுக்காது உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டையின் வலக்கை முழங்கைக்குக் கீழே மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது. "அவர் ஒவ்வொரு நாளும் வருவார்" என்றார் பயிற்றுவிப்பாளர்.

அவரைக் கண்டதும் எமக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. 1894 இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய அந்நூலில் 80, 81, 82 ஆம் பாட்டுக்கள் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியவை. பாட்டுடைத் தலைவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தந்தை தித்தனோடு பகைத்து, அரண்மனையை விட்டகன்று வாழ்ந்தவன். அவன் ஆமூர் மல்லனோடு பொருத காட்சியைப் புலவர் கண்ணாரக் கண்டவர்போற் கூறுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பின் மேல் மண்டியிட்டிருக்கிறது. மறு கால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்து அவனுடைய முதுகுப்புறம் வளைந்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டளவு பழைமையான அப்பிடியை அன்று அந்த மண்டபத்து மெத்தையிலும் கண்டோம் என்றால் வாசகர் நம்புவாராக; மனித உடம்புக்கு இரண்டு காலும் ஒரு மார்பும் உள்ளவரையில் அது மாறப்போவதில்லை. மற்றொரு பாட்டில் அப்போரின் விரைவுக்கு ஓர் உவமை வருகிறது. ஊரிலே விழா தொடங்கிவிட்டது, வீட்டிலே மனைவி பேற்று நோவில், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது, அந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ, அவ்வளவு விரைவாம் அந்த மற்போர். அரசன் போருக்கு உவமை தேடி ஏழைத் தொழிலாளியின் கையைப் பார்த்த புலவரை என்னென்பது!

ஆனால் அப்பாட்டுக்களில் எமது நெஞ்சைத் தொடுவது வேறொன்று. மகன் வெல்லும் காட்சியைத் தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், வந்து காணட்டும் என்பது புலவரின் வேட்கை. மல்லனை வென்றவனுக்கு ஊரார் ஆரவாரம் கிடைத்தது. தந்தையின் பார்வை கிடைத்ததாகப் பாட்டிற் செய்தி இல்லை. இங்கோ, வேம்பின் கீழ் ஒரு தந்தை, அழைக்காமலே வந்து, தினமும் காண்கிறார்.

பயிற்சி முடிந்ததும் அவரே எம்மிடம் வந்தார். கடிதம் எழுதியது தம் மனைவி என்பதை அவர் அறிந்திருந்தார். தபாலில் இட்டதே அவர்தானாம். தம் கதையை இரண்டு வாக்கியங்களில் முடித்தார். 2009 இல் மாத்தளனில் ஷெல் பட்டது. மகள் பிறந்தது அதற்கடுத்த வருஷம். அவளை அவர் ஒரு கையாற்றான் தூக்கி வளர்த்தார். "இதைப் பழக விட எனக்கும் முதல் விருப்பமில்லை, ஐயா. ஒரு நாள் பார்ப்போம் என்று வந்தன். ஒரு பிள்ளை தட்டினாள். மற்றவள் உடனே விட்டாள். நோகுதோ என்று கேட்டுத் தண்ணீரும் குடுத்தாள். நாங்கள் தட்டின நேரம் ஒருத்தரும் விடவில்லை, ஐயா. அதுதான் நாளாந்தம் வந்து இருந்து பாக்கிறன்" என்றார்.

நாம் மறுமொழி கூறவில்லை. கூறத்தக்கது எம்மிடம் இருக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரும், புத்தகப்பையோடு மகளும், பின்னால் நாமுமாக அவர்கள் வீட்டுக்கு நடந்தோம்.

அம்மையார் தேநீர் தந்தார். கடிதத்தில் எழுதிய கேள்விகளை நேரில் கேட்க அவருக்குக் கூச்சமாயிருந்தது. ஆகவே உறவினரின் பேச்சிலிருந்து நாமே தொடங்கினோம். பெண்பிள்ளை அடக்கும் வித்தை பழகலாமா என்று கேட்பது வன்னியிலே வேடிக்கையான கேள்வி. இது பணிக்கர் வாழ்ந்த நாடு. காட்டானையின் சுவடு பற்றிச் சென்று, தோல்வார்க் கயிற்றைப் பின்னங்காலிற் சுருக்கிட்டு, மறு தலைப்பை மரத்தோடு பிணைத்து யானை பிடித்தவர்கள் அவர்கள். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ட் 1859 இல் வெளியிட்ட நூலில் இப்பணிக்கரின் துணிவை வியந்து எழுதியிருக்கிறார். இருவர் மட்டுமே சென்று ஒரு களிற்றைக் கட்டிவிடுவார்களாம். அங்கும் கணக்கு ஒன்றே: யானை பாரத்தை மாற்றிக் காலைத் தூக்கும் கணத்திற்றான் சுருக்கு விழ வேண்டும். எதிராளியின் பாரம் எக்காலில் இல்லையோ அக்காலைத் தட்டு என்று ஜூடோக்காரர் கூறுவதும் இதுவே.

அப்பணிக்கர் குலத்திலே வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை, மதயானையை அடக்கிக் கட்டியவள் என்பது வன்னியின் கர்ணபரம்பரைக் கதை. யானையால் அவளுக்கு ஊறு நேரவில்லை. பொறாமைப்பட்டோர் செய்த வஞ்சத்தாலேயே மாண்டாள் என்றும், கணவன் அவளுக்காகப் புலம்பியது ஒப்பாரியாக வழங்கிற்று என்றும் சொல்வர். வேலப்பணிக்கன் ஒப்பாரியை அம்மையாரின் பாட்டியார் பாடக் கேட்டிருக்கிறாராம். "அப்படியென்றால் ஆனைக்குப் பயமில்லை, ஆக்களுக்குத்தான் பயம் எண்டு சொல்லுறீங்கள்" என்று அவர் சிரித்தார். அன்று அவர் முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

அயல்நாட்டுச் செய்தியும் ஒன்று சொன்னோம். ஒலிம்பிக்கில் மகளிர் மல்யுத்தம் புகுந்தது 2004 இல், ஏதென்ஸ் நகரத்திலே. 2016 இல் ரியோவில் வெண்கலப் பதக்கம் வென்ற சாக்‌ஷி மாலிக் ஹரியானா மாநிலத்துக் கிராமப் பெண். தந்தை பேருந்து நடத்துநர். பதக்கப் போட்டியில் 0-5 எனப் பின்தங்கியிருந்தவர், 8-5 என்று வென்றார். ஹரியானாவின் ஊர்ப்புறங்களிலும் உறவினர் வந்து, "யார் வந்து கேட்பார்கள்?" என்று கேட்காமல் இருக்கவில்லை. அவர் பின்னர் திருமணமும் செய்துகொண்டார். மணமகனும் ஒரு மல்லர்!

நிற்க, ஆபத்தே இல்லை என்று நாம் கூறமாட்டோம், அது நேர்மையன்று. சுளுக்கும் விரல் வீக்கமும் இவ்விளையாட்டிற் சாதாரணம். காது மெத்தையில் ஓயாது உரசினால் வீங்கிக் கட்டிப்போகும். மெத்தையைக் கழுவித் துடைக்காவிட்டால் படர்தாமரை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். ஆகவே பயிற்சி முடிந்ததும் பிள்ளை குளிக்க வேண்டும். உடை தினமும் தோய்க்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுக. தோடு, காப்பு, சங்கிலி எதுவும் மெத்தையில் ஆகா. தலைமயிரை இறுக்கிக் கட்டுக. மூட்டு நொந்தால் எண்ணெய் போட்டு உருவி மறுநாளே அனுப்பாமல் வைத்தியரிடம் காட்டுக. எல்லாவற்றிலும் முக்கியமாக, எடைப் பிரிவுக்காகப் பிள்ளை பட்டினி கிடப்பதை ஒருபோதும் அனுமதித்தலாகாது. 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றும், 50 கிலோப் பிரிவில் 100 கிராம் மிகுந்ததால் நீக்கப்பட்டார். இரவெல்லாம் உண்ணாது உறங்காது எடை குறைக்கப் பாடுபட்டும் பயனில்லை. வளரும் பிள்ளைக்கு அந்தக் கொடுமை வேண்டவே வேண்டாம். பிள்ளை வளர்ந்தால் அடுத்த எடைப்பிரிவுக்குப் போகட்டும். சோறும் மீனும் முட்டையும் உழுந்தும் தாராளமாகக் கொடுங்கள் என்றோம். உழுத்தங்களி கிண்டித் தருவதாக அம்மையார் உடனே ஒப்புக்கொண்டார். அனுமதி கிடைத்துவிட்டது என்று மகள் நினைத்தாளோ என்னவோ, முகம் மலர்ந்தது. நாம் இன்னும் அவ்வளவு உறுதியாய் இல்லை.

பொழுது பட்டு விளக்கேற்றிய பின்னர்த் தந்தை திண்ணையிலே பாயை விரிக்கச் சொன்னார். "கைப்பூட்டைக் காட்டு, பிள்ளை. ஐயாவும் பார்க்கட்டும். அம்மாவும் பார்க்கட்டும்" என்றார். அவர் மல்லாந்து படுத்தார். மகள் அருகமர்ந்து, அவருடைய இடக்கையை, இருக்கும் அந்த ஒரே கையை, தன் இரு கைகளாலும் பற்றி மார்போடு அணைத்தாள். காலைக் குறுக்கே வைத்தாள். பெருவிரல் மேனோக்கி இருக்கிறதா என்று பார்த்துச் சற்றுத் திருத்தினாள். அம்மையார் அடுக்களை வாயிலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எமக்கு உறைத்தது: தட்டுவதற்கு அவருக்கு மறு கை இல்லையே!

மகள் இடுப்பை மெல்ல உயர்த்தினாள். தந்தை தமது வலக்காலால் பாயை இருமுறை தட்டினார். கை இல்லாதவர் காலாலே தட்டலாம் என்பது விதியிலே உள்ளதுதான். மகள் இடுப்பைத் தாழ்த்தி, கால்களை எடுத்து, அவருடைய கையை முழங்கையில் மடித்து, இரு கைகளாலும் ஏந்தி அவருடைய மார்பின் மேல் வைத்தாள்.

"மெல்ல, மெல்ல" என்று அடுக்களை வாயிலிலிருந்து குரல் வந்தது. இருவரில் யாருக்குச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.